பேனாவை வெளியே தள்ளாதீர்கள்

2025 ஜனவரியில் சாம்சங் நிறுவனம் கேலக்ஸி எஸ்25 அல்ட்ராவை வெளியிட்டபோது, அதனோடு வரும் எஸ் பென் பேனாவிலிருந்து புளூடூத் வசதியை எடுத்துவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் மடக்குக் கைபேசியான இசட் ஃபோல்டு 7 வந்தது. விரித்துப் பிடித்தால் அதன் தடிமன் 4.2 மில்லிமீட்டர்தான். அந்த மெலிவுக்காகப் பலி கொடுக்கப்பட்டவற்றில் ஒன்று, திரைக்கு அடியில் இருந்து பேனாவை உணரும் மெல்லிய அடுக்கு. முந்தைய ஃபோல்டுகளின் திரையில் எழுத முடிந்தது, இதில் முடியாது. இரண்டையும் ஒரே போக்கின் அடையாளமாகப் பார்த்து, பேனாவின் காலம் முடிந்துவிட்டது என்று தொழில்நுட்பம் பேசுகிறவர்கள் பலர் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல என்பது என் கருத்து. முதலாவது, வளர்ந்து தொங்கிய கிளையைக் கழித்தது. இரண்டாவது, வேரில் வைத்த வெட்டு. பெரிய திரை கொண்ட கைபேசியில் பேனாவுக்கு மதிப்பு தருபவை இரண்டே இரண்டு: நினைத்த இடத்தில் நுணுக்கமாக எழுத முடிவதும், கைபேசியின் உடம்புக்குள்ளேயே அது குடியிருப்பதும். இவ்விரண்டும் இருக்கும்வரை மற்ற எதை எடுத்தாலும் நட்டமில்லை. இவற்றில் ஒன்று போனாலும் பெரிய திரை வெறும் பார்வைப் பலகையாகிவிடும்.

பேனாவை எதிர்ப்பவர்கள் முதலில் துணைக்கு அழைப்பது ஸ்டீவ் ஜாப்ஸை. 2007 ஜனவரியில் முதல் ஐபோனை மேடையில் காட்டியபோது, பேனா யாருக்கு வேண்டும் என்று அவர் ஏளனம் செய்தார். அன்றைய நிலையில் அவர் சொன்னது சரி. 1996இல் வந்த பாம் பைலட் முதல் அதற்குப் பின் வந்த பல கையடக்கக் கருவிகள் வரை, அழுத்தினால்தான் உணரும் திரைகளைக் கொண்டவை. பொத்தான்களோ எறும்பு அளவு. ஒரு பெயரைத் தேடவும், ஒரு பட்டியலை நகர்த்தவும்கூடக் குச்சியை உருவியாக வேண்டும். விரல் செய்யக்கூடிய வேலையை விரலிடமிருந்து பிடுங்கிக் குச்சியிடம் கொடுத்த வடிவமைப்பு அது; அதைத் தூக்கி எறிந்தது நல்ல காரியம். ஆனால் 2010இல் அதே ஜாப்ஸ், கைக்குள் அடங்காத பெரிய கைபேசிகளை யாரும் வாங்கப்போவதில்லை என்றும் சொன்னார். மறு ஆண்டு செப்டம்பரில் பெர்லின் கண்காட்சியில் 5.3 அங்குலத் திரையோடு கேலக்ஸி நோட் அறிமுகமானது. சிலேட்டைக் காதில் வைத்துப் பேசுவதா என்று சிரித்தவர்கள் ஏராளம். 2012 ஆகஸ்டுக்குள் ஒரு கோடி நோட்டுகளை விற்றுவிட்டதாக சாம்சங் அறிவித்தது. ஆப்பிளும் 2014இல் 5.5 அங்குலத்துக்கு வந்து சேர்ந்தது; மறு ஆண்டு ஐபேடுக்குத் தானே ஒரு பென்சிலையும் செய்தது. நோட்டின் பேனா, பாமின் குச்சியைப் போன்றதல்ல. விரலால் ஆகிற வேலைகளை அது விரலுக்கே விட்டுவிட்டது. விரலால் ஆகாதவற்றை மட்டும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது.

விரலால் ஆகாதது என்ன? வடிவமைப்பாளர்களுக்கு ஆப்பிள் தரும் வழிகாட்டுதலில், தொடவேண்டிய எந்தப் பொத்தானும் 44 புள்ளி அகலத்துக்குக் குறையக்கூடாது. கூகுள் 48 என்கிறது, அதாவது ஏறக்குறைய 9 மில்லிமீட்டர். ஏன் இந்தக் கணக்கு? விரல் நுனி அவ்வளவு மொண்ணையானது. அதைவிடப் பெரிய குறை, எதைத் தொடுகிறோமோ அதையே விரல் மறைத்துவிடுகிறது. ஒரு சொல்லின் நடுவில் ஓர் எழுத்தைத் திருத்தச் சுட்டியை அங்கே கொண்டுபோய் நிறுத்த எத்தனை முறை தட்ட வேண்டியிருக்கிறது என்பது கைபேசியில் எழுதும் எல்லாருக்கும் தெரிந்த அவதி. 3.5 அங்குலத்தில் தொடங்கிய ஐபோன் திரை இன்று 6.9 அங்குலம், பரப்பில் ஏறக்குறைய மூன்று மடங்கு. திரை மூன்று மடங்கானபோது விரல் கூர்மையாகவில்லை. கூடுதலாகக் கிடைத்த இடம் முழுவதும் பார்ப்பதற்கே போயிற்று: படம் பெரிதாகத் தெரிகிறது, எழுத்து பெரிதாகத் தெரிகிறது. அந்த இடத்தில் எதையாவது செய்ய வேண்டுமென்றால் நுனி மெலிந்த ஒரு கருவி வேண்டும். 2016 முதல் எஸ் பென்னின் நுனி 0.7 மில்லிமீட்டர். நாம் தாளில் எழுதும் பந்துமுனைப் பேனாவின் அளவு.

அந்த நுனி வெறும் கூரான பிளாஸ்டிக் அல்ல என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். இங்கேதான் வடிவமைப்பின் அழகு இருக்கிறது. இதன் அடிப்படை ஜப்பானின் வாகம் நிறுவனத்தின் தொழில்நுட்பம். ஓவியர்களுக்கான வரைபலகைகளுக்குப் பேர்போன அந்த நிறுவனத்தில் 2013இல் சாம்சங் ஐந்து விழுக்காடு பங்கு வாங்கியது. திரைக்குப் பின்னால் உள்ள ஒரு கம்பிவலைத் தகடு மின்காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. பேனாவுக்குள் ஒரு சிறு கம்பிச்சுருளும் மின்தேக்கியும் இருக்கின்றன. புலத்துக்குள் பேனா வந்ததும் சுருள் அந்த ஆற்றலை வாங்கி, ஒத்த அதிர்வில் திருப்பி அனுப்புகிறது. அதைக் கேட்டே பேனா எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்தத்தோடு இருக்கிறது என்று கைபேசி அறிகிறது. ஆகவே எழுதுவதற்குப் பேனாவில் பேட்டரியே வேண்டாம். நுனி திரையைத் தொடும் முன்பே, சற்று மேலே நிற்கும்போதே, எங்கே இறங்கப்போகிறது என்பது புள்ளியாகத் தெரிகிறது. பேனாவின் பேச்சும் கையின் தொடுகையும் வெவ்வேறு வழியில் வருவதால், உள்ளங்கையைத் திரையில் ஊன்றி எழுதினாலும் கோடு விழுவதில்லை. ஊன்றி எழுதுவது சின்ன வசதி அல்ல. கை அந்தரத்தில் நின்றால் யாருடைய கையெழுத்தும் கோணித்தான் போகும். விளம்பரங்கள் அழுத்த நிலைகளைக் கூவி விற்றன: முதல் நோட்டில் 256, பிறகு 1024, 2048, 4096. ஓவியருக்கு அது உதவலாம். குறிப்பெழுதுகிறவருக்கு அந்த எண்ணிக்கையால் பெரிய பயன் இல்லை. அவருக்கு முக்கியம், நுனி நகர்ந்த பிறகு மை எவ்வளவு தாமதித்துத் தோன்றுகிறது என்பது. நோட் 20 அல்ட்ராவில் 9 மில்லிவினாடியாகவும், எஸ்22 அல்ட்ராவில் 2.8 ஆகவும் அது குறைந்ததாக சாம்சங் சொல்கிறது. கண்ணாடியில் எழுதுகிறோம் என்ற நினைப்பை மறக்கவைத்தது இந்தக் குறைவுதான்.

இவ்வளவு நல்ல ஒரு கருவியை வைத்துக்கொண்டு, அதை மந்திரக்கோலாக்கப் பார்த்தார்கள் என்பதே என் குறை. 2018இல் நோட் 9 பேனாவில் புளூடூத் வந்தது. உள்ளே ஒரு சிறு மின்தேக்கி. கைபேசிக்குள் நாற்பது வினாடி வைத்தால் அரை மணி நேரம் தாங்கும். பேனாவின் பொத்தானை அழுத்தித் தொலைவிலிருந்து படம் எடுக்கலாம். மறு ஆண்டு நோட் 10இல் பேனாவைக் காற்றில் சுழற்றி கேமராவை இயக்கலாம் என்றார்கள். குழுப்படம் எடுப்பவர்களுக்கும் மேடையில் படவில்லைகளை நகர்த்தியவர்களுக்கும் அந்தப் பொத்தான் உதவியது. அதை இழந்ததில் அவர்களுக்கு வருத்தம் இருப்பது நியாயம். ஆனால் அது பேனாவின் வேலை அல்ல, தொலையியக்கியின் வேலை. ஒரு கைக்கடிகாரமோ நூறு ரூபாய்ப் பொத்தானோ அதைச் செய்யும். பேனாவுக்கே உரிய ஆகச் சிறந்த வசதி 2015இல், நோட் 5இல், ஆரவாரமில்லாமல் வந்தது: திரை அணைந்திருக்கும்போதே பேனாவை உருவி, கறுத்த கண்ணாடியின்மேல் எழுதலாம். கடவுச்சொல் இல்லை, செயலி திறப்பது இல்லை, விசைப்பலகை எழும்பக் காத்திருப்பது இல்லை. ஒரு தொலைபேசி எண், ஒரு மருந்தின் பெயர், ஒரு அளவு. மனதில் தோன்றியதற்கும் அது எழுத்தானதற்கும் இடையே உள்ள தூரம், சட்டைப்பையிலிருந்து பேனா எடுக்கும் தூரம்தான்.

அந்தத் தூரம் அவ்வளவாகக் குறைய வேண்டுமானால் பேனா கைபேசிக்குள் இருந்தாக வேண்டும். கருவிகளை ஒரே உடம்புக்குள் வைக்கும் எண்ணம் நமக்குப் புதிதல்ல. எழுத்தாணி நம் கையில் பல நூற்றாண்டுகள் இருந்த கருவி. அதில் மடக்கெழுத்தாணி என்று ஒரு வகை உண்டு. ஒரு பக்கம் ஆணி, மறுபக்கம் ஓலை வாரும் கத்தி, இரண்டும் ஒரே பிடிக்குள் மடங்கிக்கொள்ளும். தனித்தனியாக வைத்தால் ஒன்று இருக்கும்போது மற்றொன்று இருக்காது என்பதை அதைச் செய்த கொல்லர் அறிந்திருக்க வேண்டும். இந்த அறிவை சாம்சங் ஒருமுறை மறந்து பார்த்தது. 2021இல் நோட் வரிசையில் புதிய மாடலே வரவில்லை. பதிலுக்கு எஸ்21 அல்ட்ராவின் திரை பேனாவை ஏற்றுக்கொண்டது. ஆனால் உடம்பில் பேனாவுக்குக் கூடு இல்லை. பேனாவைத் தனியே வாங்கி, அதற்கென்று செய்த உறைக்குள் செருகிக்கொள்ள வேண்டும். கைபேசியையும் உறையையும் பேனாவையும் சேர்த்துப் பிடித்தால் அது ஒரு செங்கல். அந்த ஏற்பாடு ஓர் ஆண்டுதான் நின்றது. 2022 பிப்ரவரியில் வந்த எஸ்22 அல்ட்ராவில் கூடு திரும்ப வந்துவிட்டது. நிறுவனமே செய்து பார்த்துக் கைவிட்ட சோதனைக்கு மேல் வேறு சான்று தேவையில்லை என்று நினைக்கிறேன்.

பேனாக்கூடு பேட்டரியின் இடத்தைத் தின்கிறது என்பது எதிர்வாதங்களில் வலுவானது. கேட்கும்போது சரியாகவே படுகிறது. அதைச் சோதிக்க மேலே சொன்ன இரண்டு கைபேசிகளே போதும். கூடு இல்லாத எஸ்21 அல்ட்ரா: 6.8 அங்குலத் திரை, 8.9 மில்லிமீட்டர் தடிமன், 5000 மில்லியாம்பியர்-மணி பேட்டரி. கூடு உள்ள எஸ்22 அல்ட்ரா: அதே திரை அளவு, அதே தடிமன், அதே பேட்டரி. எடை வேறுபாடு கிராம் கணக்கில்கூடச் சொல்லும்படி இல்லை. அகலம்தான் இரண்டு மில்லிமீட்டர் சொச்சம் கூடியது. 2025இன் எஸ்25 அல்ட்ரா பேனாவோடும் அதே 5000 பேட்டரியோடும் 8.2 மில்லிமீட்டருக்கும் 218 கிராமுக்கும் இறங்கியிருக்கிறது. ஒன்பிளஸ் 13 போன்ற போட்டிக் கைபேசிகள் 6000 தருகின்றனவே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்தக் கூடுதலுக்குப் பெரிதும் காரணம், அவை சிலிக்கான் கலந்த புதுவகை பேட்டரிக்கு மாறியது. பேனாவைக் காரணம் காட்டி வேதியியலில் பின்தங்கியதை மறைக்கக் கூடாது. 2016இல் நோட் 7 தீப்பற்றித் திரும்பப் பெறப்பட்டதையும் சிலர் பேனாவோடு முடிச்சுப் போடுவதுண்டு; இரண்டு நிறுவனங்கள் தயாரித்த பேட்டரிகளில் இருந்த வெவ்வேறு குறைபாடுகளே காரணம் என்றுதான் 2017 ஜனவரியில் வெளியான விசாரணை முடிவு சொன்னது.

வாங்குகிறவர்களில் எத்தனை பேர் பேனாவை எடுக்கிறார்கள் என்பது அடுத்த கேள்வி. எல்லாரும் எடுப்பதில்லை, சிலர் வாங்கிய வாரத்தோடு மறந்தும் விடுகிறார்கள். இதை மறுப்பதற்கில்லை. ஆனால் எவ்வளவு அடிக்கடி பயன்படுகிறது என்பது மட்டும் அளவுகோலாக இருந்தால், எஸ்25 அல்ட்ராவில் உள்ள ஐந்து மடங்கு நெருக்கிக் காட்டும் கேமராவையும் எடுத்துவிட வேண்டும். அது பேனாவைவிடப் பெரிய இடத்தைப் பிடித்து, முதுகில் புடைத்துக்கொண்டு நிற்கிறது. பள்ளி மேடையில் ஆடும் பிள்ளையைப் பின்வரிசையிலிருந்து படமெடுக்க ஆண்டுக்கு நாலைந்து முறை உதவுகிறது. அந்த நாலைந்து முறைக்காகவே மக்கள் அதை விரும்புகிறார்கள். பேனாவும் அப்படித்தான். கூட்டிப் பார்க்கும் நிமிடங்கள் குறைவாக இருக்கலாம். அந்த நிமிடங்களில் அதன் வேலையைச் செய்ய வேறொன்றில்லை. வந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு உடனே அனுப்புவது, மாணவர் அனுப்பிய விடைத்தாளின் படத்தில் பிழையைச் சுழித்துக் காட்டுவது, வீட்டு வரைபடத்தில் இந்தச் சுவர் இங்கே என்று கொத்தனாருக்குக் கோடு போட்டு அனுப்புவது. இவற்றைச் செய்கிறவர்கள் எண்ணிக்கையில் சிறுபான்மை. அந்தச் சிறுபான்மைக்குப் பேனா இல்லாத கைபேசி பாதிக் கைபேசி.

தட்டச்சு வேகமானது, பேச்சை எழுத்தாக்கும் வசதி அதைவிட வேகமானது, பிறகு எதற்குக் கையெழுத்து என்று கேட்பவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. கையால் குறிப்பெடுத்தால் பாடம் நன்றாக மனத்தில் பதியும் என்று 2014இல் பாம் முல்லர், டேனியல் ஓப்பன்ஹைமர் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரையை இந்த இடத்தில் பலரும் எடுத்து நீட்டுவார்கள். நான் அதன்மேல் சாய மாட்டேன்; 2019இல் அதே சோதனையைத் திரும்பச் செய்தவர்களுக்கு அவ்வளவு உறுதியான விடை கிடைக்கவில்லை. என் வாதம் நினைவாற்றல் பற்றியது அல்ல. எழுத வேண்டியவை எல்லாம் வரிசையாக வரும் எழுத்துகள் அல்ல என்பதே என் வாதம். பின்னத்தை வாயால் சொல்லி எழுதவைக்க முடியுமா? வர்க்கமூலக் குறிக்குள் ஒரு கோவையை விசைப்பலகையில் அடிப்பவர் படும் பாடு என்ன? அம்புக்குறி, அடிக்கோடு, ஓரக்குறிப்பு, கட்டம், வழி சொல்லும் கிறுக்கல் — தாள் இயல்பாகத் தரும் இவற்றை விசைப்பலகை தருவதில்லை. மருத்துவமனை வரிசையிலும் பேருந்திலும் கைபேசியிடம் உரக்கப் பேச எல்லாராலும் முடிவதும் இல்லை.

தமிழுக்கு இது இன்னும் பொருந்தும். 247 எழுத்துகளை ஒரு சிறு விசைப்பலகைக்குள் அடக்கப் பலவித ஏற்பாடுகள் இருக்கின்றன. 1999இல் வகுக்கப்பட்ட தமிழ்99 அவற்றில் சிறந்தது. ஆனாலும் அதைக் கற்றவர்கள் குறைவு. ஆங்கில எழுத்தில் ஒலியை அடித்துத் தமிழாக்குகிறவர்களே அதிகம். தமிழில் அழகாகக் கடிதம் எழுதத் தெரிந்த, ஆங்கில எழுத்துகளில் தடுமாறுகிற ஒரு தலைமுறைக்கு இந்த வழியும் அடைப்பு. 2015இல் கூகுள் 82 மொழிகளுக்கான கையெழுத்து உள்ளீட்டுச் செயலியை வெளியிட்டபோது அதில் தமிழும் இருந்தது. விரலாலும் அதில் எழுதலாம். ஆனால் ணகரத்தின் சுழிகளையும், ளகரத்துக்கும் ழகரத்துக்கும் உள்ள வளைவு வேறுபாட்டையும் மொண்ணை விரலால் அடுத்தடுத்து எழுதினால் இரண்டு சொல்லுக்குள் திரை நிரம்பிவிடும். கூர்முனை இருந்தால் ஒரு வரி அடங்கும்.

பேனாக் கைபேசிகளின் வடிவமைப்பில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. நோட் 5இல் பேனாவைத் தலைகீழாகச் செருகினால் அது உள்ளே சிக்கி, உணரும் பொறியையே கெடுத்தது. தலைகீழாகச் செருகவே முடியாதபடி பேனாவின் முனையை அகலமாக்கியது நோட் 7. அதைவிட நீண்ட தவறு, வளைந்த கண்ணாடி. 2016 முதல் திரையின் இரு ஓரங்களையும் வழித்துவிட்டாற்போல் வளைத்தார்கள். கடையின் கண்ணாடிப்பெட்டியில் அது பளபளத்தது. எழுதும்போது பேனா ஓரத்தை நெருங்கியதும் வழுக்கியது. எழுதுவதற்கென்று விற்ற பொருளில் எழுதும் பரப்பையே குறைத்த இந்த அலங்காரம் உச்ச விலை மாடல்களில் நீங்கித் திரை தட்டையாக, 2024இன் எஸ்24 அல்ட்ரா வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு கையால் பிடித்து இயக்க இவை பெரியவை என்பதும், பேனா தொலைந்தால் புதிதாகக் காசு கொடுக்க வேண்டும் என்பதும் உண்மை. இவை திருத்தக்கூடிய குறைகள், அவற்றில் பல திருத்தவும் பட்டன.

இத்தனைக்கும் பிறகு ஃபோல்டு 7இல் நடந்ததுதான் நெஞ்சை உறுத்துகிறது. அதன் உள்திரை எட்டு அங்குலம். ஒரு சிறு குறிப்பேட்டின் பக்கம். எழுத இதைவிடத் தகுந்த பரப்பு சட்டைப்பைக்குள் இதுவரை வந்ததில்லை. முந்தைய ஃபோல்டுகளுக்கு, மென்மையான திரை கீறாமலிருக்க அழுத்தினால் உள்ளிழுத்துக்கொள்ளும் நுனியோடு தனிப் பேனாவே செய்தார்கள். அங்கும் கூடு தரவில்லை. பேனாவைத் தனியே விற்றார்கள். கூடில்லாத பேனாவை மக்கள் எடுக்கவில்லை என்றால் அதில் வியப்பென்ன? எடுக்காததைக் காரணமாக்கி அடுக்கையே நீக்குவது, விதை தூவாமல் வயலைக் குறை சொல்வதாகும். ஆப்பிளிடமும் இதே முரண் இருக்கிறது: 8.3 அங்குல ஐபேடு மினியில் அதன் பென்சில் எழுதும், 6.9 அங்குல ஐபோனில் எழுதாது.

விலைதான் கடைசிக் கேள்வி. எனக்கு அதுவே முதன்மையானது. கூட்டோடு கூடிய எஸ்25 அல்ட்ராவின் இந்திய விலை 1,29,999 ரூபாயில் தொடங்கியது. பேனாவால் அதிகம் பயன்பெறக்கூடிய மாணவரும் ஆசிரியரும் கட்டட மேற்பார்வையாளரும் அந்த விலைக்கு அருகில்கூடப் போக முடியாது. பேனா விலை கூடிய பொருள் என்பதும் காரணம் அல்ல. மோட்டோரோலா 2020 முதல் அமெரிக்காவில் மலிவு விலையில் கூட்டோடு கூடிய கைபேசிகளை விற்கிறது. ஆரம்பத்தில் அவற்றின் குச்சி அழுத்தத்தை உணராத சாதாரணக் குச்சி என்றாலும், 2025இல் எட்ஜ் 60 ஸ்டைலஸ் என்ற பெயரில் இந்தியாவுக்கும் 25,000 ரூபாய்க்குள் ஒன்றைக் கொண்டுவந்தது. சாம்சங்கே 2020 ஜனவரியில் நோட் 10 லைட்டை 38,999 ரூபாய்க்கு இங்கே தந்தது. 6.7 அங்குலத் தட்டையான திரை, 4500 பேட்டரி, காதணி செருகும் துளை, அடியில் பேனாவுக்கு ஒரு கூடு. அதன்பிறகு அந்த விலையில் கூட்டோடு இன்னொரு கைபேசியை அந்த நிறுவனம் தரவில்லை.